பயன்பட்ட நீரின் கடன்

ஒருமுறை பயன்படுத்தப்பட்ட நீர் அதற்குப் பிறகு என்னவாகிறது என்ற கேள்வியைச் சமயச் சட்டமும் பொருளியலும் தனித்தனியே எழுப்பி வந்திருக்கின்றன. அந்த நீர் தூய்மையானதா, பிறவற்றைத் தூய்மைப்படுத்தும் தகுதி அதற்கு எஞ்சியுள்ளதா என்று சமயச் சட்டம் ஆராய்கிறது. அதற்கு மதிப்பு ஏதும் உண்டா, அம்மதிப்பை மீட்பதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்று பொருளியல் கணக்கிடுகிறது. நீர் மிகுந்த நாடுகளில் இவ்விரு விசாரணைகளும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டிய தேவை அரிதாகவே எழுகிறது. ஜோர்டானின் தென்பகுதியில் உள்ள தஃபீலா, கரக் வட்டாரங்களின் சிற்றூர்களில், குளியலறையிலும் சமையலறையிலும் பயன்பட்ட நீரைச் சுத்திகரித்து ஒலிவ மரங்களுக்குப் பாய்ச்சும் முயற்சிகள் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்டபோது அவ்விரு விசாரணைகளும் நேருக்கு நேர் சந்தித்தன. அச்சந்திப்பில் பலரும் எதிர்பார்த்த தடை மதத்திடமிருந்து வரவில்லை என்பதும், மதச் சட்டம் தன் பங்குக்கு எழுப்பியிருக்கக்கூடிய வேறொரு கேள்வியைப் பொருளியல் கணக்குகள் இன்னும் முழுமையாகக் கேட்கவில்லை என்பதும் கவனத்துக்குரியவை.

வீட்டிலிருந்து வெளியேறும் கழிவுநீர் முழுவதும் ஒரே தன்மையது அன்று. குளித்தல், கைகழுவுதல், துணி துவைத்தல், பாத்திரம் கழுவுதல் ஆகியவற்றால் வரும், கழிவறை நீர் கலவாத நீரைப் பொறியாளர்கள் ‘சாம்பல் நீர்’ என்றும், மலமும் சிறுநீரும் கலந்து கழிவறையிலிருந்து வரும் நீரைக் ‘கருநீர்’ என்றும் பிரித்து வழங்குகின்றனர். வீட்டுக் கழிவுநீரின் அளவில் பாதிக்கும் மேற்பட்டது பெரும்பாலும் சாம்பல் நீரே. நோய்க்கிருமிகளின் பெரும்பங்கோ கருநீரில் இருக்கிறது. இரண்டையும் ஒரே குழியில் விட்டுவிட்டால், அளவில் மிகுந்த பகுதி முழுவதும் அளவில் குறைந்த பகுதியின் கேட்டை ஏற்றுக்கொள்கிறது. எனவே சாம்பல் நீரைப் பற்றிய எந்தத் திட்டமும் முதலில் தனிக் குழாயிலிருந்து தொடங்குகிறது. அதன் முதற்செலவும் அங்கேதான் தொடங்குகிறது, ஏனெனில் கட்டி முடித்த கான்கிரீட் வீட்டில் இரு நீரையும் பிரிப்பதற்குத் தரையையும் சுவரையும் உடைக்க வேண்டியிருக்கும்.

ஜோர்டானில் மழையாலும் ஓடைகளாலும் நிலத்தடி ஊறலாலும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் நீர்வளம் ஒருவருக்கு 100 கனமீட்டருக்கும் குறைவு. இவ்வளவு 500 கனமீட்டருக்குக் கீழே இறங்கினாலே அதைக் கடும் பற்றாக்குறை என்று நீரியலார் வகைப்படுத்துவர். குழாயில் தண்ணீர் நாள்தோறும் வருவதில்லை. வந்த நாளில் கூரைமேல் தொட்டிகளில் நிரப்பிக்கொண்டு அடுத்த முறை வரும்வரை சிக்கனமாகக் கழிக்க வேண்டும், இடையில் தீர்ந்துபோனால் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டும். விளக்கத்துக்காக ஒரு கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டராக 300 லிட்டர் செலவிடுகிறது என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்கு சாம்பல் நீராக வெளியேறுகிறது என்றும் கொண்டால், நாளுக்கு 200 லிட்டர், ஆண்டுக்கு 73 கனமீட்டர் ஆகிறது. அந்நாட்டின் இயற்கை ஒரு மனிதருக்கு ஓராண்டில் அளிக்கும் பங்கோடு ஒப்பிடத்தக்க அளவு நீர், இவ்வாறு ஒரே வீட்டின் கழிவுக்குழியில் மறைந்துபோகிறது. அக்குழி நிரம்பியதும் அதை உறிஞ்சி எடுக்கும் லாரிக்கும் அதே குடும்பம் பணம் கொடுக்கிறது. லாரி வராத நாட்களில் குழியின் கசிவு நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது.

இந்நிலையை மாற்றுவதற்கு, அம்மானைத் தலைமையிடமாகக் கொண்டு 1987 முதல் இயங்கிவந்த, நீர்வள மேம்பாட்டுக்கும் மேலாண்மைக்குமான இஸ்லாமிய நாடுகளின் வலையமைப்பு, கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியோடு ஓர் எளிய அமைப்பைப் பரப்பியது. நான்கு பிளாஸ்டிக் பீப்பாய்களை ஒன்றோடொன்று குழாயால் இணைத்து, முதற்பீப்பாயில் எண்ணெய்ப் பசையும் மிதக்கும் குப்பையும் மேலே தங்கிக் கனமான கசடு கீழே படியுமாறும், கூழாங்கல் நிரப்பிய இரண்டாம், மூன்றாம் பீப்பாய்களில் நீர் மெதுவாகக் கீழிருந்து மேலேறும்போது, கற்களின்மேல் படர்ந்து காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிதைக்குமாறும், நான்காவதில் சேர்ந்த நீரைச் சிறு மின்மோட்டார் சொட்டுநீர்க் குழாய்கள் வழியே மரங்களின் அடியில் செலுத்துமாறும் அதை அமைத்தனர். இந்த நீர் குடிப்பதற்கோ பச்சையாக உண்ணும் கீரைகளுக்கோ உரியதன்று. மண்ணுக்குள் இறங்கி வேர் வழியாகக் கனிக்குச் செல்லும் பயிர்களுக்கே உரியது. ஒலிவம் அவ்வகையில் பொருத்தமான மரம். அது அங்குள்ள வீடுகளின் உணவாகவும் விற்பனைப் பொருளாகவும் உள்ளது என்பது கூடுதல் நன்மை.

முஸ்லிம் சமூகங்களில் கழிவுநீரை மீண்டும் பயன்படுத்துவதற்கு மார்க்கமே முதற்றடையாக இருக்கும் என்ற கருத்து, வளர்ச்சித் திட்டங்களை வகுப்போரிடம் நெடுங்காலம் இருந்துவந்தது. ஒளு எனப்படும் உறுப்புத் தூய்மையும் கடமையான குளிப்பும் வணக்கத்துக்கு நிபந்தனையாக இருக்கும் ஒரு மார்க்கத்தில், நீரின் தூய்மை பற்றிய கவலை ஆழமாக இருப்பது இயல்பே. ஆனால் அக்கவலை வெறும் அருவருப்பாக நின்றுவிடவில்லை. ஃபிக்ஹு எனப்படும் இஸ்லாமியச் சட்டவியலின் நூல்கள் பெரும்பாலும் தூய்மை பற்றிய அத்தியாயத்திலிருந்தே தொடங்குகின்றன என்பதும், அவ்வத்தியாயத்தின் முதற்பொருள் நீரின் வகைகளே என்பதும், அக்கவலை எத்துணை நுட்பமான ஆய்வாக வளர்ந்தது என்பதைக் காட்டும். ஜோர்டானில் வலுவாக வேரூன்றிய ஷாஃபிஈ மத்ஹபு, அதாவது இமாம் ஷாஃபிஈயை (767–820) முன்னோடியாகக் கொண்ட சட்டப்பள்ளி, காயல்பட்டினம், கீழக்கரை முதலிய தமிழகக் கடற்கரை ஊர்களின் முஸ்லிம்கள் பின்பற்றும் பள்ளியும் ஆகும். ஆகவே கீழே வரும் வகைப்பாடுகள் தமிழ் மதரசாக்களில் இன்றும் கற்பிக்கப்படுபவையே.

பெரும்பான்மைச் சட்டவியலார் நீரை மூன்றாகப் பிரித்தனர். தானும் தூயதாய்ப் பிறவற்றையும் தூய்மையாக்குவது ‘தஹூர்’. மழைநீர், கடல்நீர், ஊற்றுநீர் ஆகியவை இதில் அடங்கும். தான் தூயதாயினும் பிறவற்றைத் தூய்மையாக்க இயலாதது ‘தாஹிர்’. கடமையான ஒளுவுக்கு ஒருமுறை பயன்பட்ட நீரும், சோப்பு போன்ற தூய பொருள் மிகுதியாகக் கலந்து ‘நீர்’ என்ற பெயரையே இழந்துவிட்ட நீரும் இவ்வகையின. அசுத்தம் கலந்து கெட்டது ‘நஜீஸ்’. மாலிகி பள்ளியினரும், பிற்காலச் சட்டவியலாரான இப்னு தைமிய்யாவும் (1263–1328) இவ்வகைப்பாட்டின் சில பகுதிகளை ஏற்கவில்லை. நிறமோ சுவையோ மணமோ அசுத்தத்தால் மாறாதவரை நீர் நீரே என்பது அவர்களுடைய நிலை. ஷாஃபிஈ பள்ளியினர் அளவையும் கருத்தில் கொண்டனர். ‘குல்லத்தைன்’ எனும் இரு பெரிய சாடிகளின் அளவை, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 200 லிட்டர் என்று பலரும் மதிப்பிடும் அளவை, எட்டாத நீர் அசுத்தம் பட்ட மாத்திரத்தில் கெடுகிறது. எட்டிய நீரோ, அதன் மூன்று பண்புகளில் ஒன்றேனும் மாறினால்தான் கெடுகிறது. இன்னும் நுட்பமான ஒரு விதியும் அப்பள்ளியில் உண்டு. ஒளுவுக்குப் பயன்பட்டதால் தூய்மைப்படுத்தும் ஆற்றலை இழந்த நீரைச் சேகரித்து அது இரு குல்லா அளவை எட்டிவிட்டால், இழந்த ஆற்றலை அது திரும்பப் பெறுகிறது என்பதே வலுவான கருத்து. பயன்பட்டது என்ற நிலை நீரின் இயல்பாக நிலைத்துவிடுவதில்லை, அது மாறக்கூடியது என்று சட்டமே ஒப்புக்கொள்வதாக இதைக் கொள்ள வேண்டும்.

கெட்ட நீர் மீண்டும் தூயதாவது எவ்வாறு என்ற கேள்விக்கு ஃபிக்ஹு நூல்கள் தரும் விடையே இப்பொருளுக்கு மிக நெருக்கமானது. மிகுதியான நீரில் ஏற்பட்ட மாற்றம் தானாகவே நீங்கினாலும், வேறு நீர் சேர்வதால் நீங்கினாலும் அது தூயதாகிவிடும். கஸ்தூரியோ குங்குமப்பூவோ இட்டு மணத்தையும் நிறத்தையும் மறைத்தால் தூயதாகாது. கேடு நீங்குவது வேறு, கேடு புலப்படாமல் போவது வேறு என்ற இவ்வேறுபாடு, வாசனைத் திரவியத்தை ஊற்றிச் சாக்கடையைச் சுத்தமாக்கிவிட்டதாக எண்ணும் எக்காலத்துப் பழக்கத்துக்கும் எதிரானது. பீப்பாயில் கூழாங்கற்களின்மேல் வாழும் நுண்ணுயிர்கள் செய்வது முதல்வகைச் செயலே: அவை கேட்டை மறைப்பதில்லை, உண்டு அழிக்கின்றன. திராட்சை மது தானாகவே காடியாக மாறும்போது அதன் விலக்கு நீங்குவதுபோல, ஒரு பொருள் வேறொரு பொருளாகவே உருமாறினால் அதன் பழைய தீர்ப்பும் உடன் நீங்கும் என்ற ‘இஸ்திஹாலா’ கோட்பாட்டை ஹனஃபி, மாலிகி பள்ளியினர் இன்னும் விரிவாகப் பயன்படுத்தினர்.

இம்மரபின் மேல் நின்றுதான் சவூதி அரேபியாவின் மூத்த அறிஞர்கள் அவை, பொறியாளர்களையும் அறிவியலாளர்களையும் கலந்தாலோசித்து, 1978-ஆம் ஆண்டில் தன் தீர்ப்பை வழங்கியது. சுவையிலும் நிறத்திலும் மணத்திலும் அசுத்தத்தின் அடையாளம் ஏதும் எஞ்சாத அளவுக்கு முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் தூயதே. உடல்நலத்துக்குத் தீங்கு இல்லாதபட்சத்தில் அதை ஒளுவுக்கும் பயன்படுத்தலாம் என்று அது கூறியது. குடிப்பதைத் தவிர்ப்பது நல்லது என்று அவை கருதியதற்கு உடல்நலமும் மனித மனத்தின் இயல்பான வெறுப்பும் காரணங்களாகச் சொல்லப்பட்டனவேயன்றி, நீர் என்றென்றும் கெட்டுவிட்டது என்ற வாதம் சொல்லப்படவில்லை. அருவருப்பை மதிக்கத்தக்க மனித உணர்வாக ஏற்றுக்கொண்டு, அதே வேளையில் அதைச் சட்டத்தின் இடத்தில் அமரவிடாமல் தடுத்த இந்த நிதானம் பாராட்டுக்குரியது.

நான்கு பீப்பாய் அமைப்பு தரும் நீர் அவ்வளவு முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்டதன்று என்பதை இங்கே மறைக்கக் கூடாது. அதில் மங்கலும் மணமும் ஓரளவு எஞ்சும். ஒரு வீட்டின் ஒருநாள் சாம்பல் நீர் இரு குல்லா அளவை ஏறத்தாழ எட்டுகிறது என்ற பொருத்தம் இருந்தாலும், பண்பு மாறிய நீரை அளவு காப்பாற்றாது. ஆகவே இங்கே பொருந்தும் சட்டம் ஒளுவின் சட்டமன்று, பாசனத்தின் சட்டம். அசுத்த நீர் பாய்ந்த பயிரின் விளைச்சல் தூயதே, மேலே பட்டிருந்தால் கழுவினால் போதும் என்று ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ பள்ளியினர் கருதினர். ஹன்பலி பள்ளியினர் அத்தகைய பயிரைத் தூய நீர் பாய்ச்சும்வரை உண்ணலாகாது என்றனர். ‘ஜல்லாலா’ எனப்படும், அசுத்தத்தைத் தின்று திரியும் கால்நடையைச் சில நாள் கட்டிவைத்துத் தூய தீனி கொடுத்த பிறகே உண்ண வேண்டும் என்ற விதியோடு இதை அவர்கள் ஒப்பிட்டனர். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட, வேளாண்மையில் கழிவுநீரையும் சாம்பல் நீரையும் பயன்படுத்துவதற்கான வழிகாட்டு நெறிகள், கடைசிப் பாசனத்துக்கும் அறுவடைக்கும் இடையில் நாட்கள் விட்டுக் கிருமிகள் தாமாகவே இறந்துபோக இடமளிப்பதையும், விளைபொருளைக் கழுவுவதையும், சமைப்பதையும், சொட்டுநீர் முறையையும் தனித்தனிப் பாதுகாப்பு அரண்களாகக் கணக்கில் கொள்கின்றன. ஒன்று வணக்கத்தின் செம்மையையும் மற்றொன்று குடலின் நலத்தையும் நாடிய இரு மரபுகள், நீரின் தரத்தை மட்டும் பார்க்காமல் நீர் தொடும் இடத்தையும் கழியும் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. குழந்தையின் மலம் பட்ட துணியை அலசிய நீரைச் சாம்பல் நீரில் சேர்க்காமல் கழிவறையில் ஊற்ற வேண்டும் என்று பொறியாளர் சொல்லும் அறிவுரையும், அசுத்தத்தைக் கழுவிய நீரைச் சாதாரணமாகப் பயன்பட்ட நீரிலிருந்து வேறுபடுத்தும் சட்ட விதியும் அவ்வாறே ஒன்றுபடுகின்றன.

இவ்வகைப்பாடுகளின் அடியில் ஒரு மெய்யியல் நிலைப்பாடு இருக்கிறது. அசுத்தம் ஒரு பொருளின் நிலையாகவோ ஒரு கலப்பின் விளைவாகவோ கொள்ளப்படுகிறது. அதைக் கையாளும் மனிதரின் பிறப்போடு அது ஒட்டிக்கொள்வதில்லை. கழிவைத் தொடுவது குறிப்பிட்ட பிறப்பினரின் விதி என்று ஒதுக்கிய சமூகங்களில், கழிவைத் தூய்மையாக்கும் செலவு பணக் கணக்கில் ஏறாமலேயே ஒரு சாராரின் உடலிலிருந்து வசூலிக்கப்பட்டது என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அசுத்தம் நீக்கக்கூடிய நிலை என்று ஏற்றுக்கொண்ட உடனே, நீக்குவது யார் கடமை, அதன் செலவு யாருடையது என்ற கேள்வி தப்பமுடியாததாகிறது.

இனிப் பொருளியல் கணக்கு. தஃபீலாவின் தொடக்ககால முயற்சிகளைப் பற்றி 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, சாம்பல் நீரைத் தோட்டத்துக்குப் பயன்படுத்திய குடும்பங்கள் உணவுச் செலவில் மிச்சம் பிடித்தும் உபரி விளைச்சலை விற்றும் தம் வருமானத்தில் சராசரியாக 10 விழுக்காட்டுக்கு நிகரான நன்மையைப் பெற்றன என்று காட்டியது. ஏழைக் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று. ஆனால் இத்தகைய கணக்குகளில் எவை வரவாக எழுதப்படுகின்றன என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். வாங்காமல் தவிர்த்த நீரின் விலை முதல் வரவு, குழியை உறிஞ்சும் லாரிக்குக் குறைந்த செலவு இரண்டாவது, விளைச்சல் மூன்றாவது. இவற்றுள் முதலாவது ஏமாற்றமளிக்கும் அளவுக்குச் சிறியதாக இருக்கும், ஏனெனில் வீடுகளுக்கு வழங்கப்படும் குழாய்நீரின் கட்டணம் அரசின் மானியத்தால் அதன் உண்மைச் செலவுக்கு வெகு கீழே வைக்கப்பட்டுள்ளது. 2013 முதல் ஜோர்டான், தென்கோடியிலுள்ள திஸி பாறைப்படுகையில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் தேங்கி இனி நிரம்பாத நீரை, ஏறத்தாழ 325 கிலோமீட்டர் நீளக் குழாயில் ஆண்டுக்கு சுமார் 10 கோடி கனமீட்டர் அளவில் அம்மானுக்கு ஏற்றி வருகிறது. ஒரு வீட்டில் மிச்சமாகும் ஒவ்வொரு கனமீட்டரும், அந்நாடு இவ்வளவு தொலைவிலிருந்து இவ்வளவு ஆழத்திலிருந்து கொண்டுவர வேண்டிய கடைசிக் கனமீட்டருக்கு மாற்றாக நிற்கிறது. அந்தக் கடைசிக் கனமீட்டரின் செலவே சாம்பல் நீரின் உண்மை மதிப்பு. குடும்பத்தின் கணக்கேட்டில் தெரிவதோ மானியக் கட்டணம் மட்டுமே.

இதனால் ஒரு விந்தை நேர்கிறது. தண்ணீர் மிகவும் அரிதான ஒரு நாட்டில், தண்ணீரை மிச்சப்படுத்தும் கருவி தண்ணீருக்காகத் தன் விலையை ஈட்டிக்கொடுப்பதில்லை. பெரும்பாலும் கழிவுக்குழி லாரியின் வாடகையை மிச்சப்படுத்துவதால்தான் ஈட்டிக்கொடுக்கிறது. அதற்கு மேலும் சில நன்மைகள் எந்த வீட்டின் கணக்கிலும் ஏறுவதில்லை. வீடுகள் விலகி விலகி நிற்கும் ஊர்களில் பாதாளச் சாக்கடை அமைத்தால், சுத்திகரிப்பு நிலையத்தைவிட வீட்டையும் நிலையத்தையும் இணைக்கும் குழாய்க்கே பெரும்பணம் செலவாகும். சாம்பல் நீரை வீட்டிலேயே கையாளும் ஊரில் அரசு அச்செலவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடிகிறது. கசிவு குறைவதால் பள்ளத்தாக்கில் கீழே உள்ள ஊற்றும் கிணறும் காக்கப்படுகின்றன. அவற்றின் பயனாளர் அவ்வீட்டாரை அறியாத வேறு யாரோ. சிறு அளவில் எதிர்மறையான வரவும் உண்டு: துணி சோப்பிலுள்ள சோடியம் ஆண்டுக்கணக்கில் மண்ணில் சேர்ந்து அதை இறுகச் செய்யக்கூடும், அந்த இழப்பு அதே குடும்பத்தின் நிலத்தில் விழுகிறது.

ஆக, சாம்பல் நீரைச் சுத்திகரிப்பது லாபமா என்று ஒரு குடும்பத்திடம் கேட்பது பிழையான இடத்தில் கேட்கப்படும் கேள்வி. அதன் செலவு யாருடையது என்பதே கேட்க வேண்டியது; அதற்குச் சட்ட மரபில் விடை உண்டு. ஒட்டோமான் பேரரசு 1869-க்கும் 1876-க்கும் இடையில் தொகுத்த, ஜோர்டானிலும் 1976 வரை வழக்கில் இருந்த ‘மஜல்லா’ எனும் சட்டத் தொகுப்பு, தன் முகப்பிலேயே சட்டவியலின் பொதுநெறிகளைத் தொகுத்து வைத்திருந்தது. தீங்கிழைப்பதும் தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. ஒரு பொருளின் பயனைப் பெறுபவரே அதனால் வரும் சுமையையும் ஏற்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் நெறியின்படி, நீரைப் பயன்படுத்தியவர் அதைக் கெட்ட நிலையில் பிறர் கிணற்றுக்குள் அனுப்ப உரிமையற்றவர். அந்த நீரை ஓரளவேனும் மீட்டுத் தருவது அவர் பட்ட கடன். நீரும் புல்லும் நெருப்பும் மக்களுக்குப் பொது என்று நபிமொழி மரபும் அதைப் பின்பற்றி மஜல்லாவும் கொண்ட கருத்து இக்கடனை மேலும் உறுதிப்படுத்துகிறது. பாத்திரத்தில் மொண்டுகொண்ட நீர் மொண்டவருக்குச் சொந்தமாகலாம் என்று சட்டவியலார் ஒப்புக்கொண்டனர், ஆனால் மண்ணுக்குள் திரும்பிச் செல்லும் நீர் மீண்டும் பொதுவில் சேர்ந்துவிடுகிறது. ஓடும் ஆற்றங்கரையில் நின்று ஒளு செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்ற போதனையும், ஒரு லிட்டருக்கும் குறைவான ‘முத்’ எனும் அளவு நீரில் ஒளுவை முடித்த நபிவழியும், நீரின் மதிப்பை அது கிடைக்கும் எளிமையாலோ விலையாலோ அளக்கக் கூடாது என்பதற்குச் சான்றுகள்.

இரண்டாம் நெறியோ இருபுறமும் வெட்டுகிறது, அதுவே இங்கே மிகவும் வேண்டப்படுவது. பயன் பெறுபவர் சுமை ஏற்க வேண்டும் என்றால், சாக்கடைக் குழாயின் செலவைத் தவிர்த்துக்கொண்ட அரசும், கெடாத ஊற்றிலிருந்து நீர் மொள்ளும் கீழ்ப்பள்ளத்து ஊரும், திஸியின் நீர் இன்னும் சில காலம் நீடிப்பதால் பயனடையும் தலைநகரமும் பயனாளர்களே. அவர்களும் சுமையில் பங்கேற்க வேண்டியவர்கள். பீப்பாய்க்கும் குழாய்க்கும் மோட்டாருக்கும் அரசோ நன்கொடையாளரோ கொடுக்கும் தொகையை ஏழைக்கு இட்ட தருமம் என்று பெயரிடுவது இந்நெறிக்கு முரணானது. அது பெற்ற பயனுக்குத் தரும் ஈடு. தருமம் என்று கருதப்பட்டதால்தான் அது திட்டக் காலத்தோடு முடிந்துவிடுகிறது; ஈடு என்று கருதப்பட்டிருந்தால், பயன் தொடரும்வரை அதுவும் தொடர்ந்திருக்கும், பழுதான மோட்டாரை மாற்றவும் அடைத்துக்கொண்ட கூழாங்கல்லை எடுத்துக் கழுவவும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருக்கும். கருவியை இலவசமாகத் தந்துவிட்டுப் பராமரிப்பைக் குடும்பத்தின் தலையில் விடும் திட்டங்கள், பயனைப் பொதுவில் எடுத்துக்கொண்டு சுமையைத் தனியாருக்கு விடுகின்றன.

அச்சுமையிலும் பெரும்பகுதி பணமாகத் தோன்றுவதே இல்லை. முதற்பீப்பாயில் சேரும் எண்ணெய்ப் பசையையும் சோற்றுப் பருக்கையையும் அவ்வப்போது அள்ளி அகற்ற வேண்டும். தவறினால் நாற்றமும் ஈயும் கொசுவும் வீட்டைச் சூழும், அமைப்பே அடைத்துக்கொள்ளும். பாத்திரத்திலுள்ள எச்சத்தைக் கழுவுமுன் துடைத்தெடுக்க வேண்டும், வெளுப்பான் தூளைக் குறைக்க வேண்டும், குழந்தைத் துணியின் நீரைத் தனியே கொண்டுபோய் ஊற்ற வேண்டும். இவை யாவும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்கே வருகின்றன. திட்ட அறிக்கையின் செலவுப் பகுதியில் இவற்றுக்கு நேரே பெரும்பாலும் எண் எதுவும் எழுதப்படுவதில்லை. தஃபீலாவில் பங்கேற்ற பெண்கள் தோட்டத்தால் வருமானமும் திறமையும் தன்மதிப்பும் பெற்றனர் என்று அதே 2002 ஆய்வு கூறுவதைக் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. ஆனாலும் ஒருவர் ஒரு வேலையால் பெருமை கொள்கிறார் என்பது, அவ்வேலைக்கு விலையில்லை என்று எழுதுவதற்கு உரிமை தராது. வீட்டு வேலை மனைவியின் சட்டக் கடமையன்று, திருமண ஒப்பந்தம் அதை அவள்மேல் சுமத்துவதில்லை என்று ஷாஃபிஈ, ஹன்பலி பள்ளிகளின் சட்டவியலார் கருதினர். வழக்கம் வேறுவிதமாக நடந்திருக்கலாம், எனினும் சட்ட நூலின் நிலை அதுவே. அந்நூல்களைத் தம் மரபாகக் கொண்ட ஒரு சமூகத்தில், பெண்ணின் உழைப்பைச் சுழியம் என்று கொள்ளும் செலவுக் கணக்குக்கு மார்க்கத்தின் துணையும் கிடையாது.

உழைத்துக் கொண்டுவந்த நீருக்குத் தனிக் கணக்கு உண்டு என்பதை இஸ்லாமிய மரபு வேறோரிடத்தில் ஐயமின்றி ஏற்றிருக்கிறது. விளைச்சலுக்குரிய ஸகாத், அதாவது கடமையான ஏழை வரி, மழையாலோ இயற்கை ஊற்றாலோ விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கு. ஏற்றம், விலங்கு, உழைப்பு ஆகியவற்றால் இறைத்துப் பாய்ச்சி விளைந்ததற்கு இருபதில் ஒரு பங்கு. இறைவனுக்குரியதாகக் கருதப்பட்ட பங்கிலேயே, நீரைக் கொணர்ந்தவரின் செலவுக்காகப் பாதி குறைக்கப்பட்டது. வீட்டுத் தோட்டத்தின் சில ஒலிவ மரங்கள், பெரும்பான்மைச் சட்டவியலார் விதித்த குறைந்தபட்ச அளவை எட்டுவது அரிது என்பதாலும், ஒலிவத்துக்கு ஸகாத் உண்டா என்பதிலேயே கருத்து வேறுபாடு இருப்பதாலும், அவ்விதி இங்கே நேரடியாகப் பொருந்துவது அரிது. அதன் காரணம் பொருந்தும். தஃபீலாவின் ஒரு குடும்பம் தன் குளியல் நீரை நான்கு பீப்பாய்களின் வழியே மீட்டு நாட்டின் நீர்ச் சுமையில் ஆண்டுக்குப் பல பத்துக் கனமீட்டர்களைக் குறைக்கும்போது, அதன் நீர்க்கட்டணத்திலோ கழிவுநீருக்கென விதிக்கப்படும் தீர்வையிலோ அதற்கு ஈடான தள்ளுபடியைத் தருவதும், ஊருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற பராமரிப்பாளரைக் கூலி கொடுத்து அமர்த்துவதும், ஏற்றக்காரனுக்குப் பாதி வரியைத் தள்ளிய அதே நியாயத்தின் வழியில் வருபவை.

கணக்கை அவ்வாறு திருத்தி எழுதினால் விடை எல்லா ஊருக்கும் ஒன்றாக வராது. வீடுகள் நெருங்கிய ஊரில் பொதுக் குழாயும் கூட்டுச் சுத்திகரிப்பும் மலிவாக அமையலாம். தோட்டமற்ற வீட்டில் மீட்ட நீருக்குப் பயனே இல்லாமல் போகலாம். களிமண் நிலத்தில் சோடியத்தின் கேடு விளைச்சலின் நன்மையைத் தின்றுவிடலாம். அங்கெல்லாம் பீப்பாயைத் திணிப்பது வீண்செலவே, வீண்செலவும் ‘இஸ்ராஃப்’ (வீண்விரயம்) என்ற மார்க்கக் கண்டனத்துக்கு உட்பட்டதே. ஆனால் அந்த ஊர்களிலும் கழிவுக்குழி கசிந்துகொண்டிருக்கிறது. நீரைப் பயன்படுத்தியவர்மேலும், அதன் வழங்கலால் ஆதாயம் பெற்றவர்கள்மேலும் உள்ள கடன், பீப்பாய் பொருந்தாததால் தள்ளுபடியாகிவிடுவதில்லை. அதைத் தீர்க்க வேறு கருவி தேட வேண்டியிருக்கிறது.